நல்லதும் கெட்டதும்: ஸ்பானிய வழக்குகளும் மாத்தளைத் தோட்டத் தமிழும்

பாப்லோ நெரூடா 1929-இல் கொழும்பில் சிலி நாட்டின் கொன்சலாகப் பணியாற்றியவர். ஆயினும் அவருடைய மொழி எம்மை வந்தடைந்தது பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே. செர்வாந்தஸ், லோர்கா ஆகியோருக்கும் இது பொருந்தும். இந்த இடைமொழி எமக்குக் கொணர்ந்தவற்றை நாம் அறிவோம்; அது மறைத்தவற்றை இதுகாறும் போதியளவு நோக்கினோமல்லோம். நன்மை, தீமை பற்றிய அன்றாடச் சொற்கள் சிலவற்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

ஸ்பானிய மொழியில் ‘இரு’ என்னும் பொருளில் இரு வினைகள் உள. ‘ஸேர்’ இயல்பைச் சுட்டும். ‘எஸ்தார்’ நிலையைச் சுட்டும். ‘மாலோ’ என்னும் அடை முன்னதோடு சேருமிடத்து ஒருவன் கெட்டவன். பின்னதோடு சேருமிடத்து அவன் நோயுற்றவன். ஆங்கிலத்தின் ஒற்றை வினை இவ்வேறுபாட்டைத் தாங்குவதில்லை. தமிழோ ‘நல்லவர்’ வேறு, ‘நல்லாயிருக்கிறார்’ வேறு எனத் தெளிவாகப் பிரித்துணர்கிறது. இதனைப் போன்றதே ‘மால் தே ஓஹோ’ என்னும் தொடரும். ஆங்கிலவழி வந்தோர் அதனைத் ‘தீய கண்’ எனப் பெயர்ப்பர். மூலத்திலுள்ள ‘மால்’ இங்கு நோயைக் குறிப்பது. கண்ணால் விளையும் கேடே அது. எமது மக்கள் அதனைக் ‘கண்ணூறு’ என்று என்றோ பெயரிட்டுவிட்டனர்.

ஏட்டுத் தமிழைவிடப் பேச்சுத் தமிழே மூலத்திற்கு அணித்தாய் நிற்பதை மாத்தளை மாவட்டத் தோட்டங்களிற் காணலாம். ‘நல்லது கெட்டதுக்கு வந்து நிற்பவர்’ என லயத்து மக்கள் கூறுவதும், ‘நல்லவற்றிலும் கெட்டவற்றிலும்’ உடனிருத்தல் என ஸ்பானிய மக்கள் கூறுவதும் ஏறத்தாழ ஒன்றே. எமது பெயர்ப்பாளரோ ‘இன்ப துன்பங்களில்’ என்றெழுதி, திருமண வீட்டையும் இழவு வீட்டையும் அகற்றிவிடுகின்றனர்.

ஒப்புமையைக் காட்டிலும் வேற்றுமையே சிலவிடத்து அதிகம் கற்பிக்கும். ‘நல்ல பெயரெடுத்துவிட்டுப் படுத்துறங்கு’ என்பது ஒரு ஸ்பானியப் பழமொழி. ஒருமுறை ஈட்டிய புகழ் பின்னர் தானே காக்கும் என்பது அதன் கருத்து. தோட்டத்தில் ‘பேர்’ என்பது செக்ரோலில் பதியப்படும் ஒருநாள் வேலை. எடை குறைந்தால் அரைப்பேர். அங்கு பேர் சேமிப்பாவதில்லை. நாள்தோறும் புதிதாக ஈட்டப்படவேண்டும். படுத்துறங்கியவருக்கு அன்று பேரே இல்லை. ஒரே தொடர் இங்கு கசந்த நகையாக மாறுகிறது. சொல்லின் பொருளை உழைப்பின் உறவுகளே நிருணயிக்கின்றன என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

மற்றொரு பழமொழி, ‘நன்மைக்காக வராத தீமை இல்லை’ என்பது. இதற்கு ‘எல்லாம் நன்மைக்கே’ என்பதை ஈடாகத் தருவது வழக்கம். இவ்வீடு ஏற்புடையதன்று. ஸ்பானியத் தொடர் தீமையைத் தீமையென்றே பெயரிட்டு, அதனின்று நன்மை பிறக்கக்கூடும் என்கிறது. தமிழ்த் தொடரிலோ தீமை என்னும் சொல்லே மறைந்துபோகிறது. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட ஒரு சமூகத்தின் முன் இவ்விரண்டையும் வைத்துப் பார்ப்பின் வேறுபாடு புலனாகும். முன்னது இழப்பை இழப்பென ஏற்றுப் போராட இடந்தருகிறது. பின்னது பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது. ஆகவே, பழமொழிக்குப் பழமொழி தேடும் முறை நடுநிலையானதன்று. அது ஒரு கருத்துநிலைத் தேர்வே.

வாய்மொழியாய் நிலவிய பாளி மறைநூல்கள் எழுத்துருப் பெற்ற இடமென மரபு போற்றும் அலுவிகாரை மாத்தளைக்கு அண்மையிலேயே உள்ளது. பேச்சு ஏடேறுவது இம்மண்ணுக்குப் புதிதன்று. மலையகத்து வாய்மொழிப் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்தார், மலரன்பன், மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன் முதலியோர் தோட்ட வாழ்வைச் சிறுகதையாக்கினர். இவற்றைப் ‘பிரதேச வழக்கு’ என ஒதுக்கிவைத்தல் தகாது. உலக இலக்கியத்தைத் தமிழாக்குவோர் அகராதிக்கு நிகராக இவற்றையும் துணைக்கொள்ளல் வேண்டும். தொலைவிலுள்ள உழைக்கும் மக்களின் நல்லதையும் கெட்டதையும் தமிழிற் சொல்ல, அண்மையிலுள்ள உழைக்கும் மக்களின் சொற்களே முதற்கண் எமக்குத் தேவை.