நடுநிலை என்னும் பாசாங்கு: பெருவிலிருந்து வந்த ஒரு கடிதத்தை முன்வைத்து

இரண்டு கடிதங்கள். இரண்டும் 2002இல் தென்னமெரிக்காவின் பெரு நாட்டில் எழுதப்பட்டவை. மார்ச் 21 தேதியிட்ட முதல் கடிதம் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பெரு கிளைப் பொது மேலாளருடையது. ஏப்ரல் 8 தேதியிட்ட பதில் நாடாளுமன்ற உறுப்பினர் எட்கர் வில்லனுவேவாவுடையது. அரசு அலுவலகங்கள் கட்டற்ற மென்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்று அவர் முன்வைத்த 1609ஆம் எண் மசோதாதான் சர்ச்சைக்குக் காரணம். டெண்டர், லைசென்ஸ் என்று பேசுகிற காகிதங்களில் விமர்சகனுக்கு வாசிக்க என்ன இருக்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். அதிகாரம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிற கதைகளை நாவல்களில் மட்டும்தான் தேடணுமா என்ன?

முதல் கடிதத்தின் சொற்களைக் கவனிக்க வேண்டும். மசோதா சட்டத்தின் முன் சமத்துவத்தை மீறுகிறது, பாகுபாடு காட்டுகிறது, சுதந்திரமான போட்டியைக் கெடுக்கிறது. சந்தையின் பெரும்பகுதியைக் கையில் வைத்திருப்பவர் பேசுகிற சமத்துவம் இது. இடஒதுக்கீடு என்ற பேச்சு எழுந்தபோதெல்லாம் 'எல்லோரும் சமம்தானே' என்று திடீரென்று ஞானம் பெற்றவர்களை நாம் பார்த்திருக்கிறோம். குரல் பழகினதுதான்.

வில்லனுவேவாவின் பதில் இந்தச் சொல்லாடலை உள்ளிருந்தே பிரித்துப்போடுகிறது. யார் விற்கலாம், யார் விற்கக் கூடாது என்று மசோதா எங்கும் சொல்லவில்லை. அரசு வாங்குகிற பொருள் எப்படி இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. மூல நிரலைத் திறந்து காட்டி, திருத்தவும் பகிரவும் அனுமதித்தால் எந்த நிறுவனமும் டெண்டர் போடலாம். சத்துணவுக்கு அரிசி வாங்கும்போது மூட்டையைப் பிரித்துப் பார்ப்பேன் என்று அரசு நிபந்தனை போட்டால் அது எந்த வியாபாரிக்கும் அநீதி ஆகாது. பிரிக்கவே கூடாது என்பவர் தானாகத்தான் விலகிக்கொள்கிறார்.

அவர் மூன்று அடிப்படைகளை வைக்கிறார். பொதுத் தகவல் குடிமக்களுக்குத் தடையின்றிக் கிடைக்க வேண்டும். பொதுத் தரவுகள் காலத்துக்கும் நிலைக்க வேண்டும். அரசுக்கும் குடிமக்களுக்கும் பாதுகாப்பு வேண்டும். இரண்டாவது எனக்குத் தத்துவமாக வந்து சேரவில்லை, ஃபிளாப்பியாக வந்து சேர்ந்தது. தொண்ணூறுகளில் நாங்கள் கொண்டுவந்த பத்திரிகையின் சில இதழ்களை ஒரு கம்பெனியின் எழுத்துருவில், அதன் மென்பொருளில் அடித்து வைத்தோம். அன்று ஆளுக்கொரு குறியீட்டு முறை. கம்பெனி போயிற்று. இன்று அந்தக் கோப்புகளைத் திறந்தால் திரை நிறையக் கிறுக்கல். எழுதியது நாங்கள், சாவி வேறொருவரிடம். ஒரு சிறுபத்திரிகைக்கு நேர்ந்தால் சோகம். நிலப் பத்திரத்துக்கும் பிறப்புப் பதிவுக்கும் நேர்ந்தால்? ரேஷன் பட்டியலில் பெயர் விடுபட்டவரிடம் 'கம்ப்யூட்டர்ல இல்லம்மா' என்கிறார்கள். எந்த விதிப்படி விடுபட்டது என்பது நிரலுக்குள் இருக்கிறது. அந்த நிரல் ஒரு நிறுவனத்தின் சொத்து. ஆக, மக்களை ஆளுகிற விதியையே மக்கள் வாசிக்க முடியாது.

இனி விலை. மென்பொருளின் வாங்குவிலை மொத்தச் செலவில் 8 சதவீதம்தான், மீதியெல்லாம் நிறுவுதல், பயிற்சி, பராமரிப்பு என்றது நிறுவனத்தின் கடிதம். வில்லனுவேவா இங்கே மடக்கப்படவில்லை. மிச்சம் பிடிப்பது மசோதாவின் நோக்கமே இல்லை, அது ஓரமாக வந்து சேர்கிற லாபம் என்று விடுகிறார். ஸ்பானிய மொழி அவருக்குக் கைகொடுக்கிறது. அதில் விடுதலைக்கு 'லிப்ரே', இலவசத்துக்கு 'கிராட்டிஸ்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். நம்மிடம் 'கட்டற்ற' என்ற நல்ல சொல் இருந்தும், மேடையில் ஏறினதும் 'சும்மா கிடைக்குது சார், கோடிக்கணக்கில் மிச்சம்' என்றுதான் தொடங்குகிறோம். நானும் அப்படிப் பேசியவன்தான்.

அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்பதற்கு ஜெர்மனியின் மியூனிக் சாட்சி. 2003இல் அந்த நகர மன்றம் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்தது. மைக்ரோசாஃப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர் மேயரை நேரில் சந்தித்தும் மன்றம் மசியவில்லை. 2013க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகள் மாறின. 1 கோடி யூரோவுக்கு மேல் மிச்சம் என்று நகராட்சி 2012இல் கணக்குக் காட்டியது. மைக்ரோசாஃப்ட் கேட்டுக்கொண்டு செய்யப்பட்ட ஓர் ஆய்வு அதை மறுத்தது. எண்ணுக்கு எண் மோதியது. 2014இல் மேயர் மாறினார். 2017இல் விண்டோஸுக்கே திரும்ப மன்றம் முடிவெடுத்தது. அரசியலைக் கணக்குப் பிள்ளையிடம் ஒப்படைத்தால் அடுத்த கணக்குப் பிள்ளை அதைத் திருப்பி எழுதிவிடுவார்.

பெருவில் நடந்தது இன்னும் நுட்பமானது. 2002 ஜூலையில், மசோதா விவாதத்தில் இருந்தபோதே, பெருவின் குடியரசுத் தலைவர் தொலேதோ அமெரிக்கா சென்று பில் கேட்ஸிடமிருந்து பணமும் மென்பொருளும் ஆலோசனையுமாக 5,50,000 டாலர் மதிப்புள்ள நன்கொடையைப் பெற்றுக்கொண்டார். 2005இல் அரசு மென்பொருள் கொள்முதலுக்கு 28612ஆம் எண் சட்டம் வந்தது. அது கட்டற்ற மென்பொருளைக் கட்டாயமாக்கவில்லை. 'தொழில்நுட்ப நடுநிலை' என்றது; வாங்குமுன் மதிப்பீட்டு அறிக்கை எழுதச் சொன்னது. முதல் கடிதத்தின் சமத்துவம் மூன்றாண்டுகளில் நடுநிலை என்று பெயர் மாற்றிச் சட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டது. பூட்டிய பெட்டிக்கும் திறந்த பெட்டிக்கும் நடுவில் நிற்பவர் யாருக்குச் சாதகமாக நிற்கிறார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வில்லனுவேவாவின் பிரதியிலும் ஓர் இடைவெளி இருக்கிறது. அரசை அவர் குடிமக்களின் பக்கம் வைத்தே எழுதுகிறார். கட்டற்ற மென்பொருளை வைத்தும் அரசு நம்மை உளவு பார்க்கலாம். நிரல் திறந்திருப்பதால் போலீஸ் நல்லவராகிவிடாது. திறந்த நிரலை வாசிக்க ஆள் வேண்டும், கேள்வி கேட்க இயக்கம் வேண்டும். ஆனால் பூட்டிய நிரலில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். அது சின்ன வித்தியாசம் இல்லை.

தகவல் உரிமை கேட்டுத் தெருவுக்கு வந்த தோழர்கள் மென்பொருளை மட்டும் 'டெக்னிக்கல் விஷயம்' என்று எஞ்சினியர்களிடம் விட்டுவிட்டோம். அடுத்த தடவை ஓர் அரசு அலுவலகம் கணினிமயமாகிறது என்று செய்தி வந்தால், எவ்வளவு செலவு என்பதோடு நிறுத்த வேண்டாம். சாவி யாரிடம் என்று கேட்போம்.