முடிச்சும் அதிர்வும்

தைராய்டு அறுவையில் முதல் எதிரி ரத்தம். சுரப்பி சிறிதுதான், ஆனால் எடைக்கு எடை பார்த்தால் இவ்வளவு ரத்தம் பாயும் உறுப்புகள் உடலில் குறைவு. 1850-இல் பிரெஞ்சு மருத்துவக் கழகம் இந்த அறுவையே கூடாது என்றது. ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோக்கர், ஒவ்வொரு ரத்தக்குழாயையும் இடுக்கியால் பிடித்து, நூலால் கட்டி, பிறகே வெட்டினார். இறப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. 1909-இல் நோபல் பரிசும் வந்தது. மின்சாரத்தால் சுட்டு ரத்தத்தை நிறுத்தும் டயதெர்மி சேர்ந்ததைத் தவிர, இன்றைய வழக்கமான முறையும் ஏறக்குறைய அதுவே.

நூலுக்குப் போட்டியாக வந்திருக்கும் மீயொலிக் கருவியான ஹார்மோனிக் ஸ்கால்பெல்லின் அலகு நொடிக்குச் சுமார் 55,500 முறை அதிர்கிறது. குழாயை அதன் தாடைகளுக்குள் பிடித்தால், அதிர்வில் புரதம் இளகிப் பசையாகிக் குழாயின் வாயை அடைக்கிறது. அதே பிடியில் வெட்டும் முடிந்துவிடுகிறது. நோயாளியின் உடலில் மின்சாரம் பாய்வதில்லை.

இதன் அருமை தெரிவது சுரப்பியின் மேல்முனையில். பெரிய கழலை என்றால் அந்த இடம் ஒரு குறுகிய குழி. அதற்குள் இடுக்கியை நுழைத்து, நூலை வளைத்து, விரல் நுனியால் முடிச்சை இறக்க வேண்டும். முடிச்சு நழுவினால் தமனி மேலே சுருங்கி ஒளிந்துகொள்ளும். அதைத் தேடும் நிமிடங்கள் எந்த மருத்துவருக்கும் கெட்ட நிமிடங்கள். கருவி அந்தப் பதற்றத்தைப் பெருமளவு குறைக்கிறது. ஆனால் உச்சக் குரலுக்கு உதவும் நரம்பும் அதே முனையை ஒட்டித்தான் ஓடுகிறது.

கருவியின் குறை வெப்பம். டயதெர்மியைவிடக் குறைவுதான், ஆனாலும் அதிர்வை நிறுத்திய பிறகும் அலகு சில நொடிகள் சுடும். குரல்நாணை இயக்கும் நரம்பு மூச்சுக்குழலருகே சுரப்பியோடு ஒட்டிக் கிடக்கும் இடத்தில் சில மில்லிமீட்டர்தான் இடைவெளி. அங்கே அனுபவசாலிகள் பலர் கருவியைக் கீழே வைத்துவிட்டு நூலுக்கே திரும்புகிறார்கள். ஆக, இதுவா அதுவா என்ற பட்டிமன்றம் அறுவை அரங்குக்கு வெளியேதான் நடக்கிறது.

ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் கருவியால் மிச்சமாவது சுமார் 20 நிமிடம். ரத்த இழப்பும் கொஞ்சம் குறைகிறது. நிரந்தரக் குரல் இழப்பிலோ, தைராய்டை ஒட்டியுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் கெட்டு வரும் நிரந்தரக் கால்சியம் குறைவிலோ தெளிவான வித்தியாசம் இல்லை. கருவியின் பெயரைச் சொல்லி 'பாதுகாப்பான அறுவை' என்று விளம்பரம் செய்வது எனக்கு ஒப்பவில்லை.

செலவு வேறு இருக்கிறது. அதைக் குறைக்க, ஒருமுறைக்கென்று செய்த கருவி முனையைக் கிருமிநீக்கி மறுபடி பயன்படுத்துவது இந்தியாவில் அரிதல்ல. தேய்ந்த அலகு குழாயைச் சரியாக அடைக்குமா என்பதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. முடிச்சே போட்டுப் பழகாத இளம் மருத்துவர், கருவி மக்கர் செய்யும் நாளில் என்ன செய்வார்?

கைப்பழக்கத்துக்குக் கணக்கும் உண்டு: 2017-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ஆண்டுக்கு 25-க்கு மேல் தைராய்டு அறுவை செய்பவர்களிடம் சிக்கல்கள் குறைவு என்று கண்டது. எனவே மருத்துவரிடம் எந்தக் கருவி என்று கேட்பதற்கு முன், ஆண்டுக்கு எத்தனை தைராய்டு அறுவை செய்கிறீர்கள் என்று கேளுங்கள்.