பாட்டன் பிறந்த ஊர்

பிறப்பால் வரும் குடியுரிமையை ஒரு கட்டளையால் வெட்ட டிரம்ப் 2025 ஜனவரியில் கிளம்பியபோது, நம் மலையகத் தமிழரிலேயே சிலர் தலையாட்டியதைப் பார்த்தேன். "பெற்றோர் வழி வருவதுதானே முறை? நமக்கும் 2003இல் எல்லாம் தீர்ந்துவிட்டதே" என்றார் ஒருவர். மூன்று தலைமுறையாக டிக்கோயாவில் கொழுந்து பறித்த குடும்பத்துப் பிள்ளை அவர். அந்தப் பேச்சுத்தான் இதை எழுத வைக்கிறது.

அவர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். மண்ணில் பிறந்தாலே போதும் என்ற விதியை பிரிட்டன் 1983இல் விட்டது, ஆஸ்திரேலியா 1986இல் விட்டது, அயர்லாந்து 2004இல் மக்களைக் கேட்டே விட்டது. பிள்ளை பெறுவதற்காகவே விமானம் ஏறுகிறவர்களும் உண்டு. யார் தன் பிரஜை என்று தீர்மானிக்க ஒரு நாட்டுக்கு உரிமையும் உண்டு. சரி.

ஆனால் வம்சாவழி விதி பிள்ளையிடம் எதைக் கேட்கிறது? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, அதற்கு முன் இலங்கையில் பிறந்தவருக்கு அப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும்; இல்லையென்றால் அப்பனைப் பெற்ற பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். அதற்குப் பின் பிறந்தால், 2003 வரை, அப்பன் பிரஜையாக இருக்க வேண்டியிருந்தது. மலை முழுக்கக் கொழுந்து பறித்தவள் அம்மா. முறைப்படி மணம் முடித்தவளானால் அவள் பிறந்த ஊர் கணக்கிலேயே வரவில்லை. வீட்டிலிருக்கும் பழைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, ஊர் என்று ஒரு கட்டம், பூட்டனுக்கு இன்னொன்று. என் பத்திரத்தில் இரண்டிலும் ஒரு கோடு இழுத்திருக்கிறது.

தோட்டத்தில் 'பேர்' என்றால் நாட்கூலி. முழு வேலைக்கு ஒரு பேர், கொழுந்து குறைந்தால் அரைப் பேர். காலையில் பெரட்டுக்களத்தில் ஆளை எண்ணி, கொழுந்தை நிறுத்து, செக்ரோலில் பேர் போடுவார் கணக்கப்பிள்ளை. மனிதரை இவ்வளவு நுணுக்கமாக எண்ணிய இடம் இந்தத் தீவில் வேறு இருந்ததா தெரியவில்லை. பிள்ளை பிறந்த செய்தியைப் பதிவுக்கு அனுப்புவதும் தோட்டத்துத் துரையின் பொறுப்பு. எல்லாம் ஆபீசில் இருந்தது. லயத்துத் தகரப் பெட்டியில் ஒரு துண்டுகூட இல்லை. பிள்ளை இந்தக் காம்பராவில்தான் பிறந்தது என்பதற்கு மருத்துவச்சி சாட்சி, பக்கத்துக் காம்பராக்காரி சாட்சி. பாட்டன் பிறந்ததற்கு யாரைக் கூட்டிவருவது? கண்ணெதிரே நடந்த பிறப்பை ஒதுக்கிவிட்டு, எவரும் பார்த்திராத பிறப்புக்குக் கடதாசி கேட்கும் விதி இது. என் நெடுநாள் ஆட்சேபணை இதுதான்.

சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லையே என்பார்கள். உண்மை. இந்தச் சட்டத்தை எதிர்த்த கோடாக்கன் பிள்ளை வழக்கில் 1953இல் பிரிவி கவுன்சிலும் அதை ஏற்றுக்கொண்டது. சல்லடையின் கண் எல்லாருக்கும் ஒரே அளவுதான்; எதைக் கொட்டிச் சலித்தார்கள் என்றல்லவா பார்க்க வேண்டும்? கண்டிக் கிராமத்தானிடம் பூட்டன் பிறந்த ஆண்டை யார் கேட்டார்கள்? 1947 தேர்தலில் நம்மவர்களின் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டே சல்லடை வந்தது. 1949இல் பதிவுக்கு ஒரு வழி திறந்தார்கள். அங்கும் இந்தியாவிலுள்ள ஊருக்குப் போய் ஓராண்டுக்கு மேல் தங்கியவருக்கு 'தொடர்ச்சியான வதிவு' அறுந்தது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போனது. பதிவு கிடைத்தது ஏறக்குறைய 134,000 பேருக்கு.

நாடற்ற அப்பனுக்குப் பிறந்த பிள்ளையும் நாடற்றது. அப்படி நாடின்மையே பரம்பரைச் சொத்தானது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. ஏழு பேர் போனால் நால்வருக்குப் பிரஜாவுரிமை. இடையில் பிறந்த பிள்ளைகள் 'இயற்கைப் பெருக்கம்' என்று தலைக்கணக்கில் சேர்ந்தார்கள். நுவரெலியாக் குளிரைத் தவிர வேறு ஊரறியாத பிள்ளைகள், ஒப்பாரிக் கோச்சி என்ற ரயிலில் ஏறி 'தாயகம் திரும்பினார்கள்'. திரும்புவதற்கு அவர்கள் எப்போது அங்கே இருந்தார்கள்?

2003இல் தீர்ந்ததாம். 1964 அக்டோபர் 30 முதல் இங்கே வசித்தவருக்கும் அவர் வழித்தோன்றலுக்கும் பிரஜாவுரிமை என்றது 35ஆம் இலக்கச் சட்டம். ஆயிரக்கணக்கானோருக்கு அது விடிவுதான். ஆனால் அதுவும் வம்சாவழியாகக் கொடுத்த தானமே. மஸ்கெலியாவில் பிறந்ததற்காக எவருக்கும் எதுவும் கிடைக்கவில்லை.

கடலுக்கு அப்பாலும் இதே கதை. ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களை நோய்க்காகத் தடுத்துவைத்த மண்டபம் முகாமில், பின்னாளில் இலங்கை அகதிகள் தங்கினார்கள். அங்கே 1986இல் பிறந்த ஒரு பெண், இந்தியாவில் பிறந்ததாலேயே இந்தியப் பிரஜை என்று உயர் நீதிமன்றத்தில் வென்று, 2024இல் திருச்சியில் வாக்களித்தார். இந்தியச் சட்டம் 1987 ஜூலை 1இல் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. மறுநாள் அதே முகாமில் பிறந்த பிள்ளையிடம் கேட்பது, பெற்றோர் எந்த நாட்டவர் என்று. இலங்கை என்று அது சொல்ல வேண்டும். ஹட்டனில் அதன் பாட்டனிடம் கேட்டபோது அவர் சொன்னது, இந்தியா.