உறுமிக்கு ஆள் உண்டு, கும்மிக்கு?

மலேசியாவின் புக்கிட் ரோத்தான் பக்கம் செம்பனைக்கு நடுவே ஒரு மாரியம்மன் கோயில். கோயிலைக் கட்டியவர்களின் லயம் இன்று இல்லை. ஆனால் திருவிழா இரவில் தாமான் குடியிருப்புகளிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த பத்துப் பையன்கள் வட்டம் கட்டி நிற்கிறார்கள். ஒருவன் வளைந்த குச்சியால் உறுமியின் ஒரு பக்கத் தோலைத் தேய்க்கிறான். அடிவயிற்றிலிருந்து வருவது போல ஒரு முனகல். தலையில் கரகம் வைத்திருப்பவருக்கு அதற்குள் கால் நடுங்கத் தொடங்கிவிடுகிறது.

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின. 2007இல் பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊர்ப் பேரே பெஸ்தாரி ஜெயா ஆனது. அங்கே மேரி, நைஜல் கார்டனர் என்று தோட்டப் பெயர் சொல்லித்தான் பெரியவர்கள் இன்னும் ஊர் கேட்கிறார்கள். தோட்டம் கலைந்ததோடு தெருக்கூத்தும் கலைந்தது. உறுமி மட்டும் எப்படித் தப்பியது?

யாரும் அதைக் 'காப்பாற்ற' முயலாததுதான் காரணம் என்பேன். பையன்கள் கேட்டுக் கேட்டே அடியைப் பிடித்துக்கொள்கிறார்கள். தைப்பூசக் காவடி, கல்யாணம், சாவு என்று ஆண்டு முழுக்க வேலை இருக்கிறது, கையில் கொஞ்சம் காசும் வருகிறது. தமிழ்நாட்டில் சாவு மேளத்தோடு ஒட்டிக்கிடந்த சாதிப் பாரம் இங்கே வெகுவாக இறங்கியிருக்கிறது. முழுக்க இறங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

சத்தம் அதிகம், சினிமா மெட்டு நுழைந்துவிட்டது என்பார்கள். எனக்கு அவை பெரிய குறையாகப் படவில்லை. என் குறை வேறு. பிழைத்தது ஆண்பிள்ளைகள் தோளில் மாட்டிக்கொண்டது மட்டும்தான். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, ஓடிய பெண்களின் தாலாட்டுக்கும் கும்மிக்கும் ஒப்பாரிக்கும் குழு ஏது, கூலி ஏது? கும்மி பள்ளி ஆண்டுவிழாவில் ஒலிநாடாவுக்குச் சுற்றுவதாகிவிட்டது. முத்தம்மாள் பழனிசாமி போன்றவர்கள் நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்தார்கள். பெரிய காரியம்தான், ஆனால் மெட்டை அச்சில் ஏற்ற முடியாதே. மெட்டு நிற்க, சனம் சேர்ந்திருக்க வேண்டும். இலங்கை மலையகத்தில் காமன் கூத்து இன்னும் ஆடப்படுகிறது என்றால், லயத்தில் சனம் இன்னும் சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

டிரினிடாடில் நம் நிலைக்கு நேர்மாறான வேடிக்கை. கொக்கோத் தோட்டங்களுக்கு வந்த வெனிசுவேலாக்காரர்களின் பராங் பாட்டை அங்கே கிறிஸ்துமஸுக்கு இன்றும் ஸ்பானிய மொழியில் பாடுகிறார்கள். பாடுகிறவர்கள் பலருக்கு அந்த மொழி தெரியாது. அங்கே பொருள் போனாலும் சொல் நின்றது. நமக்கோ தமிழ் நாக்கிலேயே இருக்கிறது, பாட்டைத்தான் விட்டுவிட்டோம்.

போன வருடம் ஒரு தாமானில் சாவு வீடு. முன்னாள் பால்வெட்டுக்காரப் பாட்டி ஒருவர் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து மெல்ல ஒப்பாரி எடுத்தார். இரண்டு வரி காதில் விழுந்தது. மூன்றாவது வரிக்குள் வாசலில் உறுமி இறங்கியது. பாட்டி வாயை மூடிக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பக்கத்தில் இருந்த பேத்தி கைப்பேசியோடு எழுந்து மேளத்தைப் படம் பிடிக்க வாசலுக்குப் போனாள்.