கொண்டையராஜுவின் மீனாட்சி கல்யாணம்: ஒளியும் வண்ணமும்

சி. கொண்டையராஜு (1898–1976) தமிழ்நாட்டுக் காலண்டர் ஓவியத்தின் முன்னோடி. நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைபவராகக் கோவில்பட்டிக்கு வந்து அங்கேயே தங்கினார். அவரும் அவர் மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி வீடுதோறும் சென்றன. அவற்றுள் புகழ்பெற்றது மீனாட்சி கல்யாணம்.

அழகியல்

மதுரைக் கோயிலின் கம்பத்தடி மண்டபச் சிற்பத்தில் உள்ள காட்சியே இது. திருமால் தங்கையைச் சிவனுக்குத் தாரைவார்த்துக் கொடுக்கிறார். கல்லுக்கு ஒரே நிறம். ஓவியத்தில் நிறமே அடையாளமாகிறது; மீனாட்சி பச்சை, திருமால் நீலம்.

தெய்வ வருகையை வரைவதில் ஒளி முக்கியமானது. 15ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் ஃப்ரா ஆஞ்சலிகோ, வானதூதர் மரியாளிடம் வரும் காட்சியை வரைந்தார். மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்திலுள்ள அந்த ஓவியத்தில் மேல் இடது மூலையிலிருந்து பொற்கதிர் இறங்குகிறது. அங்கே அருள் வெளியிலிருந்து வருகிறது. கொண்டையராஜுவின் படத்தில் ஒளிக்குத் திசை இல்லை. முகங்களில் ஆழ்ந்த நிழல் விழுவதில்லை. ஒளி தெய்வ உடலிலிருந்தே எழுகிறது.

மதிப்பீடு

இந்தச் சீரான ஒளியால் உடல்களின் கனம் குறைகிறது. முகங்கள் ஒரே சாயல் கொள்கின்றன. இது குறையே. ஆனால் இப்படம் மாட்டப்பட்டது கரிசல் வீட்டின் இருண்ட சுவரில். பார்க்கப்பட்டது அகல்விளக்கு வெளிச்சத்தில். நிழல் மிகுந்த ஓவியம் அங்கே கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கும். ஆகவே காலண்டர் ஓவியத்தை அருங்காட்சியக அளவுகோலால் மட்டும் மதிப்பிடுவது பொருந்தாது.