கணக்கறிந்தவர்கள் எழுதிய கடல்

பழவேற்காட்டுக்கு வணிகம் புதிதல்ல. 1613இல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பிய டச்சுக்காரர்கள் இங்கிருந்து துணியை ஏற்றுமதி செய்தார்கள், அடிமைகளையும் கப்பலேற்றினார்கள். இன்று கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களின் பட்டினவ மீனவர்கள் ஏரியில் இறால் படும் இடங்களைப் ‘பாடு’ முறையில் பங்கிட்டுக்கொள்கிறார்கள். யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்பது ஊர்க்கட்டுப்பாடு. தண்ணீருக்குள் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு அந்தப் பங்கில் இடமில்லை. பிடித்ததைக் கரைக்குக் கொண்டுவந்த பிறகோ, முன்பணம் கொடுத்த வியாபாரியின் விலைதான் விலை.

இந்த ஏரிக்கரையை எழுதப் பூநாரைகளின் அழகை ரசித்தால் மட்டும் போதாது, கணக்கும் தெரிய வேண்டும். கடலையும் கரையையும் எழுதிய தமிழ் நாவலாசிரியர்களில் அது தெரிந்தவர்கள் சிலர் உண்டு.

முதலில் சொல்ல வேண்டியவர் ஜோ டி குருஸ். உவரியில் 1963இல் பிறந்தவர். கப்பல் போக்குவரத்துத் தொழிலில் வளர்ந்தவர். நாற்பது வயதைத் தாண்டிய பின், 2004இல், அவருடைய ‘ஆழி சூழ் உலகு’ வெளிவந்தது. கட்டுமரத்தில் போகும் பரதவர்களின் துணிச்சலோடு, மீன் எப்படிப் பணமாகிறது, அந்தப் பணம் யார் கையில் தங்குகிறது என்பதையும் அந்த நாவல் விடாமல் பின்தொடர்கிறது. தூத்துக்குடித் தோணி வணிகத்தின் எழுச்சியையும் சரிவையும் சொல்லும் ‘கொற்கை’ 2009இல் வந்தது. 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. சரக்கும் கப்பலும் அன்றாடம் புழங்கிய ஒருவரால்தான் அதை அவ்வளவு விரிவாக எழுத முடிந்தது.

தோப்பில் முஹம்மது மீரான் மிளகாய் வியாபாரி. தேங்காய்ப்பட்டினத்துக்காரர்; மலையாள வழியில் படித்தவர். ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988இல் நூலானது. ‘சாய்வு நாற்காலி’க்கு 1997இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பணக்கார வீடு ஒன்று சரியும்போது அதன் உள்ளே என்னென்ன உடைகின்றன என்பதை எழுத அவருக்கு வியாபாரி கண் உதவியது. ப. சிங்காரமோ பதின்ம வயதிலேயே இந்தோனேசியாவின் மேடானுக்குப் போய்க் கடையில் வேலை பார்த்தவர். ‘புயலிலே ஒரு தோணி’யில் வரும் வட்டிக்கடைகளும் கடைத்தெருப் பேச்சும் அங்கே கிடைத்தவை.

உலக இலக்கியத்திலும் இதற்கு இணை உண்டு. திரியெஸ்த் நகரத்து இத்தாலோ ஸ்வேவோ, கப்பலின் அடிப்பகுதிக்குப் பூசும் வண்ணம் தயாரித்த மாமனார் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர்.

எழுத்தாளர் ஆவதற்குத் தொழிலைத் துறக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. டி குருஸும் மீரானும் அப்படித் துறந்துவிட்டு எழுத வந்தவர்கள் இல்லை. தொழில் தந்த அறிவே அவர்களுடைய நாவல்களின் பலம்.

பழவேற்காட்டில் மீன் ஏலக் கணக்கு எழுதுகிறவர்கள், மகளிர் குழுவின் கடன் பதிவேட்டைப் பராமரிக்கிற பெண்கள், காட்டுப்பள்ளி, எண்ணூர்த் துறைமுகங்களை நம்பிப் பிழைக்கிற இளைஞர்கள் ஆகியோரிடம் நாவலுக்கான சரக்கு குவிந்து கிடக்கிறது. நம் சிற்றிதழ்களும் பதிப்பகங்களும் அவர்கள் சென்னைக்கு வரட்டும் என்று காத்திராமல், குப்பங்களுக்கே போய் அவர்களை எழுத வைக்க வேண்டும்.