19.5-இல் ஒலிக்கும் மணி

திரவ நைட்ரஜன் இருக்கும் ஆய்வகம், காஸ் சிலிண்டர் கிடங்கு, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறை, உணவை உறையவைக்கும் ஆலை என எங்கே போனாலும் சுவரில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதன் திரையில் 20.9 என்ற எண் அசையாமல் நிற்கும். காற்றில் ஆக்சிஜன் இருக்கவேண்டிய விழுக்காடு அது. 19.5-க்கு இறங்கினால் முதல் அலாரம். 18-க்கு இறங்கினால் இரண்டாவது. 23.5-ஐத் தாண்டினால், ஆக்சிஜன் மிகுந்து எதுவும் சட்டென்று தீப்பிடிக்கும் நிலை என்று இன்னொன்று. பெரும்பாலான கருவிகள் தயாரிப்பாளரிடமிருந்து வரும்போதே இந்த எண்களோடு, அல்லது இவற்றுக்குப் பக்கத்து எண்களோடு வருகின்றன. மாட்ட வருகிறவர் கரண்ட் கொடுத்து, பஸ்ஸரை ஒருமுறை ஒலிக்கவிட்டு, ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புகிறார். இந்த அறைக்கு அலாரம் எந்த அளவில் இருக்கவேண்டும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கம்பெனி வைத்த செட் பாயின்ட் அப்படியே இருக்கட்டும் என்பதுதான் வழக்கம்.

இந்த வழக்கத்துக்கு ஒரு நியாயம் உண்டு. 19.5, 23.5 என்ற எண்கள் அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிகளில் இருப்பவை. இன்று உலகெங்கும் ஆலைகளில் புழங்குபவை. மணலியில் இந்த மாதம் வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளி அடுத்த மாதம் குஜராத்தில் ஒரு ரிஃபைனரிக்குள் இறங்குவார். எண் இடத்துக்கு இடம் மாறினால் அவர் குழம்புவார். ஒரே எண்ணாக இருப்பதால் அதில் பேரம் பேசவும் இடமில்லை. உற்பத்தி தடைபடுகிறது, கொஞ்சம் குறைத்து வையுங்கள் என்று மேலாளர் கேட்கும்போது, "விதி அப்படி சார்" என்று ஒரு இளநிலை டெக்னீஷியனால் சொல்ல முடிகிறது. இது சாதாரண பலம் இல்லை.

அலாரமே இல்லாத இடங்களோடு ஒப்பிட்டால் இந்தப் பெட்டியின் அருமை இன்னும் புரியும். அமெரிக்க ரசாயன விபத்து விசாரணை வாரியம் 1992 முதல் 2002 வரையிலான நைட்ரஜன் மூச்சடைப்பு விபத்துகளைத் தொகுத்தது: 85 சம்பவங்கள், 80 மரணங்கள். 2021 ஜனவரி 28 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் கெயின்ஸ்வில் ஊரில், கோழி இறைச்சி பதப்படுத்தும் ஆலை ஒன்றில் திரவ நைட்ரஜன் வழிந்து 6 பேர் இறந்தார்கள். உறைகலத்தில் நைட்ரஜன் மட்டத்தை அளக்கும் சின்னக் குழாய் வளைந்துபோயிருந்தது. மட்டம் ஏறியதைக் கருவி அறியவில்லை. அந்தக் கூடத்தில் ஆக்சிஜன் குறைவதைச் சொல்ல எந்தக் கருவியும் இல்லை. நைட்ரஜனுக்கு மணமோ நிறமோ கிடையாது. நமக்கு மூச்சுமுட்டும் உணர்வைத் தருவது பெரும்பாலும் உடலில் சேரும் கார்பன் டை ஆக்சைடுதான். நைட்ரஜன் நிறைந்த காற்றிலும் அது வழக்கம்போல வெளியேறிக்கொண்டே இருக்கும். உடல் எதையும் உணர்த்தாது. ஆக்சிஜன் அறவே இல்லாத காற்றில் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பிவிடும். மனித உடலுக்கு இல்லாத ஒரு புலனைச் சுவரில் மாட்டுகிறோம் என்பதை மறக்கக்கூடாது.

ஆனால் அந்த எண் எதைச் சொல்கிறது என்பதில் பரவலான ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. 19.5-க்குக் கீழே போனால் உடலுக்கு ஆபத்து தொடங்குகிறது என்று பயிற்சி வகுப்புகளிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். உதகமண்டலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடுதான், ஆனால் காற்றழுத்தம் குறைவு. நுரையீரலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனைக் கணக்கிட்டால், சென்னையில் சுமார் 16 விழுக்காடு ஆக்சிஜன் உள்ள காற்றைச் சுவாசிப்பதற்குச் சமம். ஊட்டியில் ஆயிரக்கணக்கானோர் தேயிலை பறிக்கிறார்கள், மேடேறுகிறார்கள், பள்ளிக்குப் போகிறார்கள். ஜப்பானியச் சட்டம் ஆக்சிஜன் குறைபாடு என்பதை 18-க்குக் கீழே என்று வகுத்திருக்கிறது. உடலின் எல்லைதான் அந்த எண் என்றால் ஜப்பானியருக்கு ஒன்று, அமெரிக்கருக்கு ஒன்று என இருக்க வாய்ப்பில்லை.

19.5 சொல்லும் செய்தி வேறு: இந்த அறைக்குள் காற்றல்லாத ஏதோ ஒன்று நுழைந்திருக்கிறது, அல்லது இங்கே ஏதோ ஆக்சிஜனைத் தின்றுகொண்டிருக்கிறது. எண்ணை இப்படிப் படித்தால்தான் அடுத்த கேள்வி எழும்: நுழைந்தது எது, எவ்வளவு?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20.9 என்பது 19.5 ஆக வேண்டுமென்றால், அறையின் காற்றில் கிட்டத்தட்ட 6.7 விழுக்காட்டை வேறு வாயு பிடித்திருக்க வேண்டும். அந்த வாயு நைட்ரஜன் என்றால் கவலையில்லை. வெளியேற அவகாசம் இருக்கிறது, அலாரம் நல்ல நேரத்தில்தான் ஒலித்திருக்கிறது. அது மீத்தேன் என்றால், 5 விழுக்காட்டிலேயே தீப்பற்றும் கலவை ஆகிவிட்டது, அலாரம் தாமதம். அது கார்பன் டை ஆக்சைடு என்றால் 67,000 பி.பி.எம்.; உடனடியாக உயிருக்கு ஆபத்து என்று அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வகுத்திருக்கும் எல்லையோ 40,000. குளிர்பானம் நிரப்பும் ஆலையிலும் பீர் ஆலையிலும் ஆக்சிஜன் அலாரத்தை மட்டும் நம்பியிருப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும். அங்கே வேண்டியது கார்பன் டை ஆக்சைடு சென்சார்.

ஹைட்ரஜன் சல்ஃபைடு விஷயத்தில் இது இன்னும் கொடுமை. அதற்கு அதே நியோஷ் வகுத்த எல்லை 100 பி.பி.எம். அவ்வளவு வாயு கலந்தால் ஆக்சிஜன் குறைவது 0.002 விழுக்காடு. திரையில் 20.9 என்பதில் ஒரு புள்ளிகூட அசையாது. கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் ஆளை இறக்குவதைச் சட்டம் 2013-இலேயே தடுத்துவிட்டது. ஆனாலும் நம் ஊர்களில் ஆட்கள் இறங்குகிறார்கள், இறக்கிறார்கள். மேன்ஹோல் வாயில் ஆக்சிஜன் மீட்டரைக் காட்டி "எல்லாம் சரியா இருக்கு, இறங்கு" என்று ஒருவர் சொன்னால், மீட்டர் இல்லாததைவிட அது மோசமான நிலை. மீட்டர் இல்லாதபோது இருந்த பயமும் போய்விடுகிறது.

அடுத்து நம் தட்பவெப்பம். வறண்ட காற்றில்தான் ஆக்சிஜன் 20.9. 35 டிகிரி வெயிலும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு கடலோர நாளில், காற்றில் நாலரை விழுக்காடு அளவுக்கு நீராவியே இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. உண்மையிலேயே ஆக்சிஜன் 20.0-க்கு வந்துவிடும். கருவி சரியாகத்தான் காட்டுகிறது. ஆனால் அலாரத்துக்கு இருந்த 1.4 இடைவெளி 0.5 ஆகச் சுருங்கிவிட்டது. சென்சார் கொஞ்சம் நகர்ந்தாலும் போதும், மதியம் இரண்டு மணிக்கு ஒரு அலறல், மூன்றரைக்கு இன்னொன்று. ஓடிப் பார்க்கிறார்கள், ஒன்றுமில்லை. நாலு நாள் இப்படி நடந்தால் ஐந்தாம் நாள் பஸ்ஸரின் துளைமேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கும். ஒட்டியவரைத் திட்டிப் பயனில்லை. பொய்யாக ஒலிக்கும் அலாரத்தைக் கேட்டுக்கொண்டு எட்டு மணி நேர ஷிஃப்ட் பார்க்க யாராலும் முடியாது. 1994 ஜூலை 24 அன்று வேல்ஸின் மில்ஃபோர்ட் ஹேவன் ரிஃபைனரி வெடிப்பில், கடைசி 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்களின் முன்னால் 275 அலாரங்கள் வந்தன. அலாரம் கூடினால் கவனம் கூடும் என்று நினைப்பவர்களுக்கு அந்த விசாரணை அறிக்கை நல்ல பாடம்.

டேப் ஒட்டாத, பொறுப்பான ஷிஃப்டில் இன்னொன்று நடக்கும். காலையில் கருவி 20.1 காட்டுகிறது. மெனுவில் 'ஃப்ரெஷ் ஏர் காலிபரேஷன்' என்று இருக்கிறது. அழுத்தினால் அப்போதைய காற்றை 20.9 என்று கருவி ஏற்றுக்கொள்ளும். வெளிக்காற்றில் செய்தால் பிழையில்லை. பெரும்பாலும் கருவி மாட்டியிருக்கும் அறைக்குள்ளேயே செய்கிறார்கள். அறையில் இரவெல்லாம் நைட்ரஜன் கசிந்து உண்மையான அளவு 19.0 ஆகியிருக்கிறது என்று வையுங்கள். பித்தானை அழுத்தியதும் திரையில் 20.9. இனி திரை 19.5 காட்டும்போது உண்மையில் 17.7 இருக்கும், இரண்டாவது அலாரம் 16.4-இல்தான் வரும். செட் பாயின்ட்டுக்குப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுகிறோம். அதே பிழையை வேறு வாசல் வழியாக உள்ளே விடும் காலிபரேஷன் மெனு திறந்தே கிடக்கிறது. என்னைக் கேட்டால், பூட்டவேண்டியது முதலில் அதைத்தான்.

இத்தனையும் அறையின் காற்றைப் பற்றியது. இந்த வழக்கத்தின் ஆகப் பெரிய குறை தொட்டிகளில்தான் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசுபவர்களும் குறைவு.

எண்ணெய்க் கப்பலின் சரக்குத் தொட்டியிலும், கரைப்பான் சேமிக்கும் டேங்கிலும் ஆக்சிஜன் மிகுதியாக இருக்கக்கூடாது, இருந்தால் வெடிக்கலாம். அதனால் மந்த வாயுவை நிரப்பி ஆக்சிஜனை விரட்டுகிறார்கள். கப்பல்களுக்கான சர்வதேசத் தீப்பாதுகாப்பு விதிகளின்படி உள்ளே செலுத்தும் வாயுவில் ஆக்சிஜன் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. தொட்டிக்குள் 8-ஐத் தாண்டக்கூடாது. அறையில் எண் இறங்கினால் ஆபத்து. தொட்டியில் எண் ஏறினால் ஆபத்து. அலாரத்தின் திசையை மாற்றினால் போதும் என்று தோன்றும். போதாது. காரணம், சென்சார் எந்தப் பக்கமாகச் சாகிறது என்பது.

பரவலாகப் பயன்படும் கால்வானிக் சென்சாருக்குள் ஈயத்தாலான ஒரு மின்முனை இருக்கிறது. ஆக்சிஜன் பட்டுப்பட்டு அது தேய்ந்துகொண்டே போகும்; இரண்டு ஆண்டு அளவில் தீர்ந்துவிடும். தீரும்போது அதன் மின்னோட்டம் குறைகிறது. திரையில் எண் இறங்குகிறது. காற்று புகும் நுண்துளை அடைத்துக்கொண்டாலும் எண் இறங்கும். அறையில் மாட்டிய சென்சார் இப்படிச் செத்தால் அலாரம் ஒலிக்கும். ஆட்கள் வெளியே ஓடுவார்கள். பிறகு சென்சாரை மாற்றுவார்கள். செத்தும் காப்பாற்றுகிற கருவி அது. அதே சென்சார் தொட்டியில் செத்தால் திரை 2, 1, 0 என்று அழகாக இறங்கும். கன்ட்ரோல் ரூமில் எல்லோருக்கும் நிம்மதி: டேங்க் நன்றாக மந்தமாகியிருக்கிறது!

கம்பியும் அப்படித்தான். 0 முதல் 25 விழுக்காடு வரை அளக்கும் டிரான்ஸ்மிட்டர் அதை 4 முதல் 20 மில்லியாம்பியராக அனுப்புகிறது. 20.9-க்கு சுமார் 17.4 மில்லியாம்பியர், 19.5-க்கு 16.5. கம்பி அறுந்தால் பூஜ்யம். ஆலையின் கட்டுப்பாட்டுக் கணினியான பி.எல்.சி.யில் புரோகிராம் எழுதியவர் கீழ் எல்லையைப் பூஜ்யத்தோடு நிறுத்தியிருந்தால், அறுந்த கம்பியும் ஆக்சிஜனே இல்லாத தொட்டியும் திரையில் ஒரே மாதிரி 0.0 என்று தெரியும். இதற்குத் தீர்வு இல்லாமலில்லை. நாமுர் அமைப்பின் என்.இ. 43 பரிந்துரைப்படி 3.6 மில்லியாம்பியருக்குக் கீழேயும் 21-க்கு மேலேயும் வருவதை அளவாக எடுத்துக்கொள்ளாமல் பழுதாகக் காட்டவேண்டும். கருவிகளில் அந்த வசதி இருக்கிறது. பல ஆலைகளில் அதை ஆன் செய்வதில்லை, அல்லது பி.எல்.சி. பக்கத்தில் படிப்பதில்லை. தொட்டிக்கு இன்னொன்றும் தேவை: அவ்வப்போது வெளிக்காற்றைச் சென்சாருக்குக் காட்டி, எண் 20.9-க்கு ஏறுகிறதா என்று பார்ப்பது. ஏறினால்தான் அது உயிரோடிருக்கிறது. ஆக, ஒரே சென்சார், ஒரே மெனு, ஒரே பயிற்சி வகுப்பு என்று அறைக்கும் தொட்டிக்கும் வைத்துக்கொள்வது எனக்குச் சம்மதமில்லை.

வாயுவைப் பொறுத்துச் சென்சாரின் இடமும் மாறவேண்டும். திரவ நைட்ரஜனிலிருந்து எழும் குளிர்ந்த ஆவி தரையோடு படரும். ஒரு லிட்டர் சுமார் 700 லிட்டர் வாயுவாக விரியும். ஆர்கான் கனமானது, பள்ளத்தில் தங்கும். ஹீலியம் கூரைக்கு ஏறும். நுண்துளை வகைச் சென்சாரில் ஹீலியம் கலந்த காற்று இருந்தால் ஆக்சிஜன் உள்ளதைவிடக் கூடுதலாகவும் காட்டும். ஹீலியம் புழங்கும் எம்.ஆர்.ஐ. அறைக்குச் சென்சார் வாங்குபவர்கள் இதைக் கேட்டு வாங்கவேண்டும்.

அலாரத்துக்கு வைக்கும் தாமதத்தில் என்னால் ஒரு பக்கம் சாய முடியவில்லை. பொய் அலாரத்தைத் தவிர்க்க 30 நொடி தாமதம் வைப்பதுண்டு. எண் கணநேரம் சரிந்து மீள்வதால் வரும் அலறலுக்கு அது நல்ல மருந்து. ஆனால் குழாய் வெடித்து நைட்ரஜன் கொட்டும் அறையில் 30 நொடி என்பது ஒருவர் விழுவதற்குத் தாராளமான நேரம். முதல் அலாரத்துக்குச் சில நொடி தாமதம், 18-இல் வரும் இரண்டாவதற்குத் தாமதமே இல்லை என்று பிரித்து வைப்பது ஓரளவு சரியாக இருக்கும். ரிலேயை எப்போதும் மின்னோட்டத்தில் இருக்கும்படி அமைத்தால், கரண்ட் போனாலும் அலாரம் வரும். இதில் விவாதத்துக்கு இடமில்லை. ஆனாலும் இதற்கு நேர்மாறாக அமைத்த பேனல்கள் புழக்கத்தில் உள்ளன.

இரண்டாவது அலாரம் தானாக அணையக்கூடாது. ஒருவர் வந்து ரீசெட் செய்யும்வரை நிற்கவேண்டும். இல்லையென்றால் இரவு இரண்டு மணிக்கு 17-க்கு இறங்கி விடிவதற்குள் சரியாகிவிட்ட கசிவைப் பற்றிக் காலை ஷிஃப்டுக்கு எதுவும் தெரியாது. அந்த ரீசெட் பித்தான் எங்கே இருக்கவேண்டும் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்கள் காப்பாற்றப் போனவர்கள் என்று நியோஷ் 1986-இல் எச்சரித்தது. அலாரம் கேட்டு ஓடிவருபவர் கதவைத் திறப்பதற்கு முன்பே எண்ணைப் பார்க்கவேண்டும். அதனால் திரையும் விளக்கும் ரீசெட்டும் வாசலுக்கு வெளியே, கண்ணுக்கு நேராக வரவேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் சில மீட்டர் கேபிள் இழுக்கிற செலவுதான். அதை மிச்சப்படுத்தி ரீசெட்டை உள்ளேயே வைத்துவிட்டால், அலாரத்தை நிறுத்த வருகிறவர் அந்தக் காற்றுக்குள் நடந்து போய்த்தான் நிறுத்தவேண்டியிருக்கும்.